வேலையும் இன்ஷூரன்ஸும் இருக்கும்போதே மெடிகெய்ட் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். நான் 9 வாரக் கர்ப்பிணி. ஒரு மருந்துக்கடையில் முழுநேர வேலை பார்க்கிறேன். கணவருக்குப் பகுதிநேர வேலை. இருவர் சம்பளமும் சேர்த்து, பிடித்தம் போவதற்கு முன் மாதம் 4,400 டாலர். வேலை மூலம் இன்ஷூரன்ஸ் உண்டு, ஆனால் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாங்களே கட்ட வேண்டிய தொகை) 5,000 டாலர். மகப்பேறு கிளினிக்கில் 28 வாரத்துக்குள் 3,200 டாலர் தவணையில் கட்டச் சொல்கிறார்கள். மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பற்றிக் கேட்டேன். "வேலையும் இன்ஷூரன்ஸும் இருக்கிறவர்களுக்கு அது கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். இன்ஷூரன்ஸை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாமா? கிரீன் கார்டு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. அடுத்து குடியுரிமைக்கு எழுதிப்போட வேண்டும். இதனால் அதற்கு இடைஞ்சல் வருமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இன்ஷூரன்ஸை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரப்பட்டு விட்டுவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வேலையில் இருப்பது மெடிகெய்டுக்குத் தடையில்லை. இன்ஷூரன்ஸ் வைத்திருப்பதும் தடையில்லை. கர்ப்பிணிக்கான மெடிகெய்டில் பார்ப்பது நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள், குடியேற்ற நிலை என்ன, குடும்ப எண்ணிக்கை எத்தனை, வருமானம் எவ்வளவு என்பதை மட்டுமே. வேறு இன்ஷூரன்ஸ் இருந்தால் அது முதலில் பணம் கொடுக்கும், மெடிகெய்ட் இரண்டாவதாக வந்து மிச்சத்தைப் பார்க்கும்.

உங்களிடம் அப்படிச் சொன்னதற்குக் காரணம் புரிகிறது. சிப் என்ற இன்னொரு அரசுத் திட்டம் இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கானது, சில மாநிலங்களில் கர்ப்பிணிகளையும் சேர்க்கிறார்கள். அதற்கு வேறு இன்ஷூரன்ஸ் இருக்கக்கூடாது. அரசு நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தை வழியாக வாங்கும் பாலிசிக்கான மானியமும், வேலையிடத்தில் கட்டுப்படியாகும் இன்ஷூரன்ஸ் கிடைக்கிறவர்களுக்குக் கிடையாது. இந்த இரண்டின் விதியையும் மெடிகெய்டின் தலையில் ஏற்றிச் சொல்வது கவுன்ட்டர்களில் அடிக்கடி நடக்கிறது. அதை நம்பி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் இருவர் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கர்ப்பிணியின் தகுதியைப் பார்க்கும்போது வயிற்றில் இருக்கும் குழந்தையும் ஒரு ஆள். ஆகவே நீங்கள் மூவர். இரட்டையாக இருந்தால் நால்வர். 2025ஆம் ஆண்டின் கூட்டாட்சி வறுமைக்கோட்டு அளவு, அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த மாநிலங்களில், இருவருக்கு ஆண்டுக்கு 21,150 டாலர், மூவருக்கு 26,650 டாலர். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி வாக்கில் இது கொஞ்சம் கூடும். உங்கள் 4,400 டாலர் மாத வருமானத்தை ஆண்டுக்கு 52,800 என்று வைத்தால், இருவர் குடும்பத்துக்கு அது வறுமைக்கோட்டில் ஏறக்குறைய 250 சதவீதம். மூவர் என்று வைத்தால் 198 சதவீதம். பல மாநிலங்களில் கர்ப்பிணிகளுக்கான வரம்பு 200 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், அந்த ஒரு ஆளைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே விண்ணப்பத்தின் தலையெழுத்து மாறிவிடும்.

அதோடு முடியவில்லை. மெடிகெய்ட் பார்ப்பது மொத்தச் சம்பளத்தை அல்ல. வரி விதிப்புக்கு முன்பே சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் இன்ஷூரன்ஸ் பிரீமியம், 401கே ஓய்வூதியச் சேமிப்பு, எச்.எஸ்.ஏ. மருத்துவச் சேமிப்பு, எஃப்.எஸ்.ஏ. செலவுக் கணக்கு ஆகியவை கழிந்துவிடும். உதாரணத்துக்கு, உங்கள் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) மாதம் 310 டாலர் பிரீமியமும் 90 டாலர் 401கேயும் வரிக்கு முன் பிடிக்கிறார்கள் என்றால், கணக்கில் வருவது 4,000 டாலர்தான். அது மூவர் குடும்பத்துக்கு 180 சதவீதம். ஆகவே பே ஸ்டப்பை எடுத்து, எந்தப் பிடித்தம் வரிக்கு முன், எது வரிக்குப் பின் என்று கோடு போட்டுப் பாருங்கள். ராத் வகை 401கே வரிக்குப் பின் பிடிப்பது, அது கழியாது. விண்ணப்பத்தில் வருமானக் கட்டத்துக்கு அருகிலேயே பிடித்தங்களைக் கேட்கும் இடம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் முழு 4,400ஐயும் எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. கர்ப்பிணிகளுக்கு எந்த மாநிலமும் 138 சதவீதத்துக்குக் கீழே வரம்பு வைக்க முடியாது. மூவர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் அது மாதம் சுமார் 3,065 டாலர். சில மாநிலங்கள் அந்த அடிமட்டத்திலேயே நிற்கின்றன. டெக்சாஸில் 203 சதவீதம், அதாவது மாதம் சுமார் 4,508. கலிபோர்னியாவில் 213 சதவீதம், சுமார் 4,730. கலிபோர்னியாவில் அதற்கு மேல் 322 சதவீதம் வரை வருமானம் இருப்பவர்களுக்கு மெடி-கால் ஆக்சஸ் புரோகிராம் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் குறிப்பிடத்தக்க விதி ஒன்று: இன்ஷூரன்ஸ் இருந்தாலும், மகப்பேறுக்கென்றே தனியாக உள்ள டிடக்டிபிளோ உங்கள் பங்கோ 500 டாலரைத் தாண்டினால் சேரலாம். உங்கள் பிளானில் அப்படித் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் திட்டத்தின் பெயரும் மாறும். கலிபோர்னியாவில் மெடி-கால், நியூ ஜெர்சியில் ஃபேமிலிகேர். பெயர் எதுவானாலும் அடிப்படை மெடிகெய்ட்தான்.

விண்ணப்பத்தை மாநில மெடிகெய்ட் அலுவலகத்தின் இணையதளத்திலோ, தொலைபேசியிலோ, நேரிலோ கொடுக்கலாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: இருவருடைய கடைசி 30 நாள் பே ஸ்டப்புகள், கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி எண்கள், குடியிருப்புக்கான சான்று, இன்ஷூரன்ஸ் அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும். கர்ப்பம் என்பதற்குப் பொதுவாக நீங்கள் சொல்வதே போதும். ஆனால் கிளினிக்கிலிருந்து பிரசவ தேதி எழுதிய ஒரு கடிதம் வாங்கி வைத்தால் கேள்வி வராது. படிவத்தில் "கர்ப்பமாக இருக்கிறீர்களா, எத்தனை குழந்தைகள் எதிர்பார்க்கிறீர்கள்" என்ற கட்டத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். "கடந்த மூன்று மாத மருத்துவப் பில்களுக்கு உதவி வேண்டுமா" என்ற கேள்விக்கு ஆம் என்று குறியுங்கள். தகுதி இருந்தால், விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 3 மாதம் வரை மெடிகெய்ட் பின்னோக்கிச் செல்லும். முதல் ஸ்கேன், முதல் ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் அடங்கிவிடலாம். 2027 ஜனவரி முதல் இந்த 3 மாதம் 2 மாதமாகக் குறைகிறது.

சம்பளத்தை மாதக் கணக்காக மாற்றுவதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்கினால் மாதத்துக்கு இரண்டு காசோலை என்று எழுதுவது தவறு. ஆண்டுக்கு 26 காசோலை, அதை 12ஆல் வகுக்க வேண்டும். வாரச் சம்பளம் என்றால் 52ஐ 12ஆல். நீங்கள் ஒரு தொகை எழுதி, அலுவலகத்தின் தரவு வேறு தொகை காட்டினால், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பதில் போடாமல் விட்டால் விண்ணப்பம் "ஆவணம் வரவில்லை" என்று நிராகரிக்கப்படும். தகுதி இல்லாததால் விழும் விண்ணப்பங்களை விட இப்படி விழுபவை வருத்தம் தருபவை. உங்கள் கணவர் பகுதிநேர வேலை என்பதால் மணி நேரம் ஏறி இறங்கும். கடந்த மாதம் மட்டும் கூடுதல் நேரம் பார்த்திருந்தால், அது வழக்கமானதல்ல என்று வேலையிடத்திலிருந்து ஒரு வரி எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள்.

முடிவு வர 45 நாள் வரை ஆகலாம். அதுவரை காத்திருந்து பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தகுதி இருப்பதாகத் தோன்றினால் உடனே தற்காலிக மெடிகெய்ட் தரும் ஏற்பாடு பல மாநிலங்களில் கர்ப்பிணிகளுக்கு உண்டு. குறிப்பிட்ட கிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் அங்கேயே கேட்டு, அன்றே கொடுத்துவிடுவார்கள். இது புறநோயாளிப் பரிசோதனைகளுக்கு மட்டும், பிரசவச் செலவைத் தாங்காது. முழு விண்ணப்பத்தையும் போடாவிட்டால் அடுத்த மாத இறுதியில் முடிந்துவிடும். அட்டை கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து முழு விண்ணப்பத்தை மறந்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தில் இன்ஷூரன்ஸை மறைக்காதீர்கள். சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்பது ஒரு பக்கம். மறைத்தால் பில்கள் எல்லாம் குழம்பி உங்கள் தலையிலேயே வந்து விழும் என்பது இன்னொரு பக்கம்.

இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். மருத்துவரின் மொத்தக் கட்டணமாக உங்கள் இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை 4,000 டாலர். உங்கள் 5,000 டிடக்டிபிளில் 1,800 ஏற்கெனவே கழிந்து, மிச்சமுள்ள 3,200 இதில் போகிறது. ஆகவே இன்ஷூரன்ஸ் கொடுப்பது 800. பில்லின் மிச்சம் மெடிகெய்டுக்குப் போகிறது. அதே சேவைக்கு மெடிகெய்டின் விலை 2,000 என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாநிலங்களில் மெடிகெய்ட் அந்த 2,000க்கும் இன்ஷூரன்ஸ் கொடுத்த 800க்கும் உள்ள வித்தியாசமான 1,200ஐக் கொடுக்கும். மீதி 2,000? மெடிகெய்டை ஏற்றுக்கொண்ட மருத்துவர் அதைத் தள்ளுபடி செய்துவிட வேண்டும். உங்களிடம் கேட்கக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. இன்ஷூரன்ஸ் கொடுத்ததே மெடிகெய்ட் விலையை விட அதிகமாக இருந்தால் மெடிகெய்ட் ஒன்றும் கொடுக்காது. அப்போதும் உங்களுக்குப் பில் வரக்கூடாது. கர்ப்பம் சார்ந்த சேவைகளுக்கு மெடிகெய்டில் கோபேயும் (ஒவ்வொரு முறையும் நோயாளி கட்டும் சிறு தொகை) கிடையாது.

இதெல்லாம் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: அந்த மருத்துவர் மெடிகெய்டை ஏற்பவராக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் வேறு எதையும் விட இதுதான் முக்கியம். மருத்துவர் இன்ஷூரன்ஸின் நெட்வொர்க்கில் (அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் பட்டியலில்) இருந்து, மெடிகெய்டில் பதிவு செய்யாதவராக இருந்தால், டிடக்டிபிளை நீங்கள்தான் கட்ட வேண்டும். மெடிகெய்ட் அட்டை பையில் இருந்தும் பயனில்லை. மாறாக, மெடிகெய்டை ஏற்று, உங்கள் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவரிடம் போனாலும் சிக்கல். "நெட்வொர்க்குக்கு வெளியே போனதால் தரமாட்டோம்" என்று இன்ஷூரன்ஸ் கைவிரித்தால், "முதல் இன்ஷூரன்ஸின் விதியைப் பின்பற்றவில்லை" என்று மெடிகெய்டும் கைவிரிக்கக்கூடும். முன் அனுமதி வேண்டிய பரிசோதனைகளுக்கும் இதே கதைதான்.

ஆகவே கிளினிக்கில் "மெடிகெய்ட் எடுப்பீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. பில்லிங் பகுதியில் இருப்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் வேலை இன்ஷூரன்ஸ் முதலாவது, மெடிகெய்ட் இரண்டாவது. இரண்டுக்கும் நீங்கள் பில் அனுப்புவீர்களா?" ஆம் என்றால், பதில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் மருத்துவரை மாற்ற இப்போதே நேரம். 9 வாரத்தில் மாறுவது எளிது. 30 வாரத்துக்கு மேல் புது நோயாளியை எடுக்கப் பல கிளினிக்குகள் தயங்கும். இன்னொன்று: "என்னைத் தனியார் நோயாளியாகவே நடத்துங்கள், மெடிகெய்டுக்குப் பில் அனுப்ப வேண்டாம்" என்ற பொருளில் ஏதாவது தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்து உங்கள் பாதுகாப்பை எடுத்துவிடும்.

உங்களிடம் கேட்கும் 3,200 டாலர் பற்றி. மகப்பேறில் பரிசோதனைகள், பிரசவம், பிரசவத்துக்குப் பின்னான பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி, பிரசவம் முடிந்த பிறகு ஒரே பில்லாக அனுப்புவது வழக்கம். வழக்கமான கர்ப்பத்தில் 28 வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு வாரந்தோறும் என்று 12 முதல் 14 முறை போவீர்கள். அந்தத் தொகுப்பில் உங்கள் பங்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு கிளினிக் முன்பணம் வாங்குகிறது. இது மதிப்பீடுதான், பில் அல்ல. விண்ணப்பம் போட்டிருப்பதாக எழுத்தில் கொடுத்து, முடிவு வரும்வரை தவணையை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், மெடிகெய்ட் வந்ததும் அது தொடங்கிய தேதிக்குப் பின்னான சேவைகளுக்கு வாங்கியதைத் திருப்பிக் கேளுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

தொகுப்புக் கட்டணம் பிரசவம் நடக்கும் ஆண்டின் கணக்கில் போகும். 9 மாதம் இரண்டு ஆண்டுகளில் விழுந்தால், இந்த ஆண்டு ஸ்கேனுக்கும் ஆய்வகத்துக்கும் கட்டியது அடுத்த ஆண்டு டிடக்டிபிளில் சேராது. மெடிகெய்ட் கிடைக்காத பட்சத்தில் இது பெரிய தொகை ஆகிவிடும், அப்போது அடுத்த ஆண்டுக்கான பிளானைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் டிடக்டிபிள் குறைந்ததை எடுப்பதே லாபம்.

இன்ஷூரன்ஸ் மட்டுமே இருந்தாலும் சில சேவைகளுக்கு உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனை, ஆர்.எச். ரத்த வகை, ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள், சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை, தாய்ப்பால் பம்ப், தாய்ப்பால் ஆலோசனை ஆகியவை தடுப்புச் சேவை. மிகப் பழைய விதிவிலக்குப் பெற்ற பிளான்களைத் தவிர மற்றவற்றில், நெட்வொர்க்குக்குள் டிடக்டிபிள் இல்லாமலே கிடைக்க வேண்டும். ஸ்கேன் இதில் வராது. ஆய்வகத்திலிருந்து இவற்றுக்குப் பில் வந்தால் உடனே கட்டாமல், தடுப்புச் சேவைக்கான குறியீட்டுடன் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆய்வகம் என்றதும் ஒரு எச்சரிக்கை. ரத்தம் எடுப்பது கிளினிக்கில், ஆனால் பரிசோதிப்பது வெளியே ஓர் ஆய்வகத்தில். கிளினிக் அனுப்பும் தாளில் பல நேரம் ஒரே ஒரு இன்ஷூரன்ஸ்தான் இருக்கும். மெடிகெய்ட் வந்த பிறகு கிளினிக், ஆய்வகம், ஸ்கேன் மையம், பிரசவ மருத்துவமனை என ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அட்டைகளையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவரும் குழந்தை மருத்துவரும் தனிப் பில் அனுப்புவார்கள். மருத்துவமனையில் கொடுத்த விவரம் தானாக அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். பில் வந்தால் பின்னாலேயே அழைத்து மெடிகெய்ட் எண்ணைக் கொடுங்கள். குரோமோசோம் கோளாறு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைச் சொன்னால், எடுப்பதற்கு முன் இரண்டு இடத்திலும் அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலிருந்து "உங்களுக்கு வேறு இன்ஷூரன்ஸ் உண்டா" என்று ஒரு படிவம் வரும். விளம்பரக் கடிதம் போல இருப்பதால் பலர் தூக்கிப்போட்டு விடுகிறார்கள். பதில் போகாவிட்டால் அவர்கள் எல்லாப் பில்களையும் நிறுத்திவிடுவார்கள். முதலாவது நின்றால் மெடிகெய்டும் நகராது. வேலை இன்ஷூரன்ஸ் முதலாவது, மெடிகெய்ட் கடைசி என்று எழுதி உடனே அனுப்புங்கள். வேலை மாறினாலோ இன்ஷூரன்ஸ் மாறினாலோ மெடிகெய்ட் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் அவர்கள் கணினியில் நின்றுகொண்டிருந்தால் அதன் பெயரைச் சொல்லியே எல்லாம் திரும்பி வரும்.

டிடக்டிபிள் பெரியது என்பதால் உங்களுக்கு எச்.எஸ்.ஏ. கணக்கு இருக்கக்கூடும். மெடிகெய்ட் தொடங்கிய மாதத்திலிருந்து அதில் பணம் போட முடியாது, நிறுவனமும் போடக்கூடாது. இருக்கிற பணத்தை எடுத்துச் செலவு செய்யத் தடையில்லை. தெரியாமல் தொடர்ந்து போட்டால் அதிகப்படித் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத அபராத வரி உண்டு. வரித் தாக்கல் கெடுவுக்குள் எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். பிடித்தம் நின்றால் கணக்கில் வரும் வருமானம் கொஞ்சம் ஏறும் என்பதையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

வருமானம் பின்னால் ஏறினால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். கர்ப்பிணியாக ஒருமுறை மெடிகெய்ட் கிடைத்துவிட்டால், இடையில் சம்பளம் உயர்ந்தாலும் பிரசவத்துக்குப் பின்னான காலம் முடியும்வரை எடுக்க மாட்டார்கள். அந்தக் காலம் முன்பு 60 நாளாக இருந்தது. இப்போது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் 12 மாதம்.

பிரீமியமே தாங்க முடியாத பாரமாக இருந்தால், சில மாநிலங்களில் மெடிகெய்டே உங்கள் பங்குப் பிரீமியத்தைக் கட்டும் திட்டம் இருக்கிறது. எச்.ஐ.பி.பி. என்று கேளுங்கள். டெக்சாஸ், கலிபோர்னியா, பென்சில்வேனியா போன்ற இடங்களில் உண்டு. இன்ஷூரன்ஸை வைத்திருப்பது அரசுக்கு மலிவு என்று கணக்கில் வந்தால் ஒப்புக்கொள்வார்கள்.

இதோடு, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு உதவி தரும் விக் திட்டத்துக்கும் எழுதிப்போடுங்கள். பால், முட்டை, பழம், காய்கறி, முழுதானிய உணவு, பீன்ஸ், பருப்பு, வேர்க்கடலை வெண்ணெய் போன்றவற்றுக்கு மாதாமாதம் அட்டையில் ஏற்றித் தருவார்கள். சைவம் என்றால் டோஃபு, சோயா பால் உண்டா என்று மாநிலப் பட்டியலில் பாருங்கள். விக் வரம்பு 185 சதவீதம், மூவர் குடும்பத்துக்கு 2025 அளவில் மாதம் சுமார் 4,109 டாலர், அதுவும் பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம். உங்கள் 4,400க்கு நேராகப் போனால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் மெடிகெய்ட் கிடைத்தவருக்கு விக்கில் வருமானத் தகுதி தானாகவே வந்துவிடும். ஆகவே மெடிகெய்ட் ஒப்புதல் கடிதத்தோடு போங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள்: குடும்ப எண்ணிக்கை, கணக்கிட்ட வருமானம். எண்ணிக்கை 2 என்றிருந்தால் குழந்தையைச் சேர்க்கவில்லை. வருமானம் 4,400 என்றிருந்தால் பிடித்தங்களைக் கழிக்கவில்லை. எதுவானாலும் மேல்முறையீட்டு விசாரணை கேட்கலாம். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், 90 நாளுக்கு மேல் போகாது. கடிதத்திலேயே தேதி இருக்கும்.

வரம்பு குறைந்த மாநிலம் என்பதால் உண்மையிலேயே தகுதி இல்லை என்றாலும் கதவு மூடிவிடாது. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். இன்ஷூரன்ஸ் போக மிச்சமுள்ள டிடக்டிபிளுக்கும் அது பொருந்துமா என்று அந்தக் கொள்கையில் பாருங்கள். பல இடங்களில் பொருந்தும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் பில்லிலிருந்து குறைந்தது 240 நாள் வரை விண்ணப்பத்தை அவர்கள் வாங்கியாக வேண்டும். ஆனால் பிரசவத்துக்கு முன்பே கேட்பதுதான் நல்லது. மருத்துவர் குழு மருத்துவமனையைச் சேராததாக இருந்தால் அவர்கள் பில் அதில் வராமல் போகலாம். கூட்டாட்சி உதவி பெறும் சமூக நல மையங்களில் 200 சதவீதம் வரை வருமானத்துக்கேற்ற கட்டணம் உண்டு, இன்ஷூரன்ஸ் இருப்பவர்களும் கேட்கலாம். மருத்துவச் செலவை வருமானத்தில் கழித்துத் தகுதி தரும் முறை உள்ள மாநிலங்களில் கர்ப்பிணிகளை அதில் சேர்த்தாக வேண்டும். அதையும் விசாரியுங்கள்.

குடியுரிமை பற்றி. அரசுக்குப் பாரமாவார்களா என்ற சோதனை கிரீன் கார்டு கேட்கும்போதும் நாட்டுக்குள் நுழையும்போதும் வருவது. குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தச் சோதனை கிடையாது. உண்மையான தகவலைக் கொடுத்து, தகுதியோடு பெற்ற மெடிகெய்ட் உங்களுக்கு இடைஞ்சலாகாது. கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டு கடந்துவிட்டதால், மெடிகெய்டுக்கான 5 ஆண்டுக் காத்திருப்பு விதியும் உங்களைத் தொடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டபூர்வமாகத் தங்கியிருக்கும் கர்ப்பிணிகளை 5 ஆண்டுக் காத்திருப்பு இல்லாமல் சேர்க்கப் பல மாநிலங்கள் முன்வந்திருக்கின்றன, அவற்றில் விசாவில் இருப்பவர்களும் தகுதி பெறக்கூடும். ஆனால் கிரீன் கார்டு இன்னும் வராதவர்கள், விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். அந்த விதிகள் அரசு மாறும்போது மாறுகின்றன. விக்கில் குடியேற்ற நிலை பார்ப்பதில்லை.

வேலையிடத்தில் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 2023 ஜூன் முதல் அமலில் உள்ள கர்ப்பிணித் தொழிலாளர் சட்டப்படி பரிசோதனைக்குப் போக நேரம், உட்கார நாற்காலி, தண்ணீர் இடைவேளை போன்றவற்றைக் கேட்கலாம். மருந்துக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் உங்களுக்கு இது வேண்டும்.

குழந்தை பிறக்கும்போது நீங்கள் மெடிகெய்டில் இருந்தால், குழந்தைக்குத் தனி விண்ணப்பம் இல்லாமல் ஒரு வயது வரை மெடிகெய்ட் உண்டு. மருத்துவமனையில் பிறப்புத் தகவல் படிவத்தை அனுப்பினார்களா என்று வீட்டுக்குப் புறப்படும் முன் கேளுங்கள். அதை அனுப்பாததால் முதல் மாதக் குழந்தை மருத்துவர் பில்கள் வந்து குவிவதுண்டு. வேலை இன்ஷூரன்ஸிலும் குழந்தையைச் சேர்க்க விரும்பினால் பிறந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள்தான், தவறினால் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். பிரீமியம் குடும்ப அளவுக்கு எவ்வளவு ஏறும் என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். ஏற்றம் பெரிதாக இருந்தால் முதல் ஆண்டு மெடிகெய்டில் மட்டும் வைத்திருப்பதே போதும். பின்னால் அந்த மெடிகெய்ட் முடியும்போது, வேலை இன்ஷூரன்ஸில் சேர்க்க 60 நாள் அவகாசம் தனியாகக் கிடைக்கும்.